பெத்தபெருமாளைப் பிடித்த பிடி

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரி என்று இருந்தால் கபடிக் குழு ஒன்று இல்லாமல் இருக்குமா? இங்கேயும் இருந்தது. அந்தக் குழுவின் பாதுகாப்புச் செயலாளர், மாசிலாமணி என்ற தேவாங்கு.

அந்தப் பதவியை மாசிலாமணி ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கவில்லை. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு அவன் நடந்து வந்து சேர்வதற்குள் தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் எல்லாம் ஆள் பிடித்தாகிவிட்டது. மிச்சம் கிடந்தது பாதுகாப்பு மட்டும்தான்.

"உனக்கு இதுதான்பா பொருத்தம். ஓடி விழுந்து அடிபடுற ஆளில்ல நீ" என்றார் பி.டி. சார். அவர் ஒரு செந்நாய். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். தூங்கும்போது குறட்டைகூட விசில் வழியாகத்தான் வரும்.

விளையாட்டாகக் கொடுத்த பதவியை மாசிலாமணி மெய்யாகவே எடுத்துக்கொண்டான். ஆட்டத்துக்கு முன் நகம் வெட்ட வேண்டும், கொம்புக்குத் துணி சுற்ற வேண்டும், நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று விதிகள் கொண்டுவந்தான். எதிரணி வீரரைக் கடிக்கக்கூடாது என்று ஒரு விதி. அப்படியே கடித்துவிட்டாலும் விழுங்கக்கூடாது என்று அதற்கு ஓர் இணைப்பு. இந்த இணைப்பு, புள்ளிமான்களின் பெற்றோர் வந்து அழுது கேட்டுக்கொண்டதால் சேர்த்தது.

குழுவின் நட்சத்திரம் பெத்தபெருமாள் என்ற காட்டெருமை. அவன் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால், தடுக்க வருகிறவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவான். விடுதியில் அவனும் மாசிலாமணியும் ஒரே அறை. பெத்தபெருமாள் படுத்தால் அறையில் வேறு இடம் இருக்காது. அதனால் மாசிலாமணி அவனுடைய இரண்டு கொம்புக்கும் நடுவில் சுருண்டு படுத்துக்கொள்வான். வகுப்புக்குப் போவதும் அந்தத் தலைமேல் உட்கார்ந்துதான். நடந்து போனால் திங்கட்கிழமைப் பாடத்துக்குப் புதன்கிழமை போய்ச் சேர்வான். இத்தனை நாளில் பெத்தபெருமாள் அதை ஓர் உதவி என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

இறுதி ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால், பயிற்சியில் அது நடந்தது. பாடிப் போன பெத்தபெருமாளும் பிடிக்க வந்த ஒரு வரையாடும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பாறை பிளந்த மாதிரி ஒரு சத்தம். வரையாடு கீழே விழுந்து, ஊருக்குப் போகிறேன் என்று அழ ஆரம்பித்தது. பெத்தபெருமாள் விழவே இல்லை. "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே நின்றான். விசில் ஊதிய பிறகும் பாடினான். குளிக்கும்போது பாடினான். சாப்பிடும்போதும் பாடியதால் புல்லெல்லாம் எதிரே இருந்தவர்கள்மேல் தெறித்தது.

சாயங்காலம் ஒருவழியாகப் பாட்டை நிறுத்திவிட்டு, மாசிலாமணியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான். "சார், இந்த ரூமுக்கு நீங்க புதுசா?"



மாசிலாமணி அப்போதே கிளம்பிப் போய், மறுநாள் பி.டி. சார் அறையை அடைந்தான்.

"சார், பெருமாளுக்குத் தலையில அடி. ஃபைனல்ல அவன் ஆடக்கூடாது."

"நிக்கிறானா?"

"நிக்கிறான் சார்."

"அப்புறம் என்ன?"

"என்னையே அடையாளம் தெரியல சார் அவனுக்கு."

"உன்னை நிறைய பேருக்கு அடையாளம் தெரியாதுப்பா. அதுக்கெல்லாம் அடிபடணும்னு அவசியமில்ல." பி.டி. சார் விசிலைத் துடைத்தார். "சரி, டாக்டர்கிட்ட காட்டு. அவர் வேண்டாம்னு சொன்னா நான் உட்கார வைக்கிறேன்."

கல்லூரி டாக்டர் கொண்டையப்பன் ஒரு மரங்கொத்தி. தலைக்காயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று காடு முழுக்கப் பேச்சு. மாசிலாமணியும் பெத்தபெருமாளும் போனபோது மருதமரத்தில் கொத்திக்கொண்டிருந்தார். கொத்துவதை நிறுத்தாமலே கேட்டார்.

"எத்தனை தடவை மோதினான்?"

"ஒரு தடவை டாக்டர்."

டாக்டர் கொத்துவதை நிறுத்தினார். "ஒரே ஒரு தடவையா?"

"பலமான மோதல் டாக்டர்."

"தம்பி, நான் காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே ஆயிரம் மோது மோதிடுவேன். எனக்கு ஏதாவது ஆயிருக்கா?" அவர் பெத்தபெருமாள் பக்கம் திரும்பினார். "நான் எப்படித் தெரியறேன்?"

"ரெண்டு பேரா தெரியறீங்க."

"நல்லது. பார்வை கூடியிருக்கு. இன்னைக்கு என்ன கிழமை?"

"கபடி."

"ஆட்டத்துல ஆர்வம் குறையல. தாராளமா ஆடலாம்."

"டாக்டர், அவனுக்கு என் பேர் மறந்துபோச்சு" என்றான் மாசிலாமணி.

"உன் பேர் என்ன?"

"மாசிலாமணி."

"எனக்கே ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவிட்டு டாக்டர் மறுபடி கொத்த ஆரம்பித்தார்.

இறுதி ஆட்டம் அக்கரைக் கல்லூரியோடு. அது முழுக்கக் காட்டுப்பன்றி அணி. அதன் தலைவி பொம்மி, எதையும் தலையால் முட்டித்தான் திறப்பாள், கதவாக இருந்தாலும் சரி. அன்று காலை மாசிலாமணி நண்பனிடம் கெஞ்சினான். "இன்னைக்கு நீ ஆடாத பெருமாளு." "சரிங்க சார்" என்று சொன்ன பெத்தபெருமாள், அடுத்த நிமிஷம் அதை மறந்து மைதானத்துக்குப் போய் நின்றான்.

இனி யாரிடமும் சொல்லிப் பயனில்லை, நாமே போய்ப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று மாசிலாமணி முடிவு செய்தான். டாஸ் போடும்போது கயிற்றுக்கு வெளியிலிருந்து கிளம்பினான். ஒரு தேவாங்கு நடப்பதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் அவன் களத்துக்குள் வருவதை யாரும் கவனிக்கவில்லை.

அவன் வந்து சேர்வதற்குள் முக்கால் ஆட்டம் முடிந்துவிட்டது. பெத்தபெருமாள் ஒரு முறை பாடிப் போய், நடுவரான கொக்கைத் தொட்டுவிட்டு வெற்றியோடு திரும்பினான். ஒரு முறை சொந்த அணிக்கே வணக்கம் வைத்தான். பன்றிகள் முட்டியபோதெல்லாம் "நன்றி சார்" என்றான். அப்படியும், அவன் உடம்பின் அகலத்தில் யாராவது பட்டுக்கொண்டே இருந்ததால் இரண்டு அணியும் சமமாக நின்றன. கடைசியாக ஒருமுறை அவன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். எதிரே பொம்மி தலையைக் குனிந்து, மண்ணைக் காலால் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த முட்டு விழுந்தால் பெருமாளுக்குத் தன் பேரும் மறந்துபோகும் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. பொம்மி ஓடிவரத் தொடங்கினாள். மாசிலாமணி நாலு கையாலும் நண்பனின் பின்னங்காலைக் கட்டிக்கொண்டான்.

தேவாங்கு பிடித்தால் பிடித்ததுதான். பெத்தபெருமாள் நின்று, குனிந்து பார்த்து, "யார் சார் நீங்க?" என்றான். பாட்டு அறுந்தது. கொக்கு விசில் ஊதியது. பொம்மி புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று.

மாசிலாமணி காலை விடவில்லை. அவனோடு சேர்த்தே பெத்தபெருமாள் வெளியே நடந்து போய், ஒரு புங்கமர நிழலில் படுத்தான். நாள்கணக்கில் தூங்கினான். மாசிலாமணி தண்ணீர் காட்டினான், வெளிச்சம் படாமல் இலையால் கண்ணை மூடினான், கொத்த வந்த டாக்டரை வேறு மரத்துக்கு அனுப்பினான். ஒரு காலையில் பெத்தபெருமாள் கண்ணைத் திறந்து, "டேய் மாசி, எதுக்குடா என் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?" என்றான். மாசிலாமணி அந்தக் காலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடிவிட்டது. பி.டி. சாரும் டாக்டரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"தலையில பலமா அடிபட்ட ஒரு வீரரை, அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சும், காலைப் பிடிச்சு நிறுத்தியிருக்க. இது முரட்டு ஆட்டம்" என்றார் பி.டி. சார்.

"அடி ஒண்ணுமில்லன்னு டாக்டர்தானே சார் சொன்னார்?"

"அது ஆட்டத்துக்குச் சொன்னது. இது விசாரணை" என்றார் டாக்டர்.

"அவனை நிறுத்தணும்னுதான் சார் பிடிச்சேன்."

"நிறுத்தறதுக்குத்தான்பா எதிரணின்னு ஒண்ணு வெச்சிருக்கு. அவங்க வேலையை நீ எப்படிச் செய்யலாம்?" என்றார் பி.டி. சார்.

பெத்தபெருமாள் எழுந்து, "அவன் பிடிச்சதுல தப்பே இல்ல சார்" என்றான். தலையில் அடிபட்டவர் சாட்சி செல்லாது என்று அவனை உட்காரச் சொல்லிவிட்டார்கள். மாசிலாமணியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

மறுவாரம் பொம்மி ஆற்றை நீந்திக் கடந்து அவனைத் தேடி வந்தாள்.

"எங்க அணியில எல்லாரும் சேர்ந்து இழுத்தும் அந்த எருமையை நிறுத்த முடிஞ்சதில்ல. நீ ஒருத்தனா நிறுத்திட்ட. எங்க காலேஜுக்கு வந்துடேன்."

மாசிலாமணி ஒன்று கேட்டான். "உங்க காலேஜுல தலையில அடிபட்டா என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஆளுக்கா, எதிராளிக்கா?"

அந்தப் பதிலும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்துவது எதிரணியின் வேலை என்று விசாரணையில் பி.டி. சார் சொன்னது நினைவுக்கு வந்தது. சரி என்றான். ஆற்றைக் கடக்க அவனைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனது பெத்தபெருமாள்தான். கரையில் இறக்கிவிட்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த வருஷமும் அதே இரண்டு கல்லூரிகள் இறுதிக்கு வந்தன. பெத்தபெருமாள் முந்தைய நாள் பயிற்சியில் யானை ஒன்றின் முழங்காலில் மோதியிருந்தான். டாக்டர் கொண்டையப்பன் பார்த்து, "இதெல்லாம் ஒரு மோதலா?" என்று அனுப்பியிருந்தார். கண் இரண்டும் வேறு வேறு திசை பார்க்க, அவன் பாடிக்கொண்டு வந்தான்.

மாசிலாமணி நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முதல்நாளே களத்தின் மூலையில் வந்து நின்றிருந்தான். பெத்தபெருமாளின் கால் பக்கத்தில் வந்ததும் கட்டிக்கொண்டான். விசில் ஊதியது. பொம்மி முட்டுவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. பெத்தபெருமாள் வெளியே போய் நிழலில் உட்கார்ந்தான். அவன் அணி எடுத்த புள்ளியால் எப்போதாவது உயிர் பெற்று மீண்டும் உள்ளே வந்தால், மாசிலாமணி திரும்பவும் பிடித்து நிழலுக்கே அனுப்பிவைத்தான். ஒவ்வொரு பிடிக்கும் கூட்டம் எழுந்து கைதட்டியது.

சிறந்த வீரர் விருது மாசிலாமணிக்குத்தான். மாலையோடு நின்றவனைத் தேடி பி.டி. சார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிடின்னா இதுதான்பா பிடி. நம்ம காலேஜுலயும் இருக்காங்களே, ஒருத்தனுக்காவது இந்த அக்கறை இருக்கா?"

நீதி: நண்பன் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர், காலம் தாழ்த்தாமல் எதிரணியில் சேர்ந்துவிட வேண்டும்.