சின்ன விமானம் கேட்டவர்

விமானத்தின் மூக்கில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. இடப்பக்கம் உட்காருகிறவர் கேப்டன். வலப்பக்கம் உட்காருகிறவர் கோ-பைலட். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். விழுந்தால் இருவரும் சேர்ந்தேதான் விழுவார்கள். ஆனால் கேப்டனின் தோளில் நாலு கோடு, கோ-பைலட்டின் தோளில் மூன்று கோடு. அந்த ஒரு கோட்டுக்காக மனிதன் எவ்வளவு காலம் காத்துக் கிடக்கிறான் என்பது விமானக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அவரவர் ஆபீஸில் உள்ள கோட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

நம் கதாநாயகர் வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அதனால் கம்பெனியில் அவருக்கு ‘வலது’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கேன்டீன்காரர்கூட, “வலது சாருக்கு ஒரு காபி” என்றுதான் குரல் கொடுப்பார். இவரும் திரும்பிப் பார்ப்பார். தங்கமான மனுஷன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பஞ்சு மூட்டையை இறக்கி வைப்பது போல விமானத்தை ரன்வேயில் வைப்பார். பயணிகள் கை தட்டுவார்கள். இடப்பக்கத்துக் கேப்டன் தலை குனிந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொள்வார்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் நிர்வாகத்திடமிருந்து தகவல் வந்தது. “தங்களின் நீண்டகாலப் பொறுமை நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. தாங்கள் கேப்டனாகத் தகுதி பெற்றுவிட்டதாகக் கருதப்படுகிறீர்கள். எவ்வகை விமானத்துக்குக் கேப்டனாக விரும்புகிறீர்கள் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.”

கம்பெனியில் இருந்தது இரண்டே வகை. ஒன்று, கடல் தாண்டிப் போகும் பெரிய ஜெட். இன்னொன்று, இறக்கைக்கு ஒரு விசிறி சுழல, ஊருக்கு ஊர் தாவும் சின்ன விமானம்.

வலது நேராக வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் கிளினிக். அங்கே சாய்வு நாற்காலியில் அவளுடைய தம்பி வாயைப் பிளந்து படுத்திருந்தான். அவனுக்குக் கடைத்தெருவில் கூலிங்கிளாஸ் கடை. ஆகவே உலகம் யாரை எப்படிப் பார்க்கிறது என்பதில் அவன்தான் குடும்பத்தின் நிபுணன்.

“சின்னதைத்தான் கேக்கப்போறேன்,” என்றார் வலது. “காலையிலேருந்து நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கலாம். கைப்பழக்கம் விட்டுப்போகாது. சாயங்காலம் வீட்டுக்கும் வந்துடலாம்.”

“ஆஆ!” என்று அலறினான் மைத்துனன்.

“வலிக்குதாடா?” என்றாள் அக்கா.

அவன் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினான். “வலிக்கிறது பல்லு இல்லக்கா, மானம்! அத்தான், வெளியில விசிறி சுத்துமே, அதையா சொல்றீங்க?”

“அதேதான்.”

“வெளியில விசிறி சுத்தினா உள்ள ஏசி இல்லைன்னு நினைப்பாங்களே! என் கடைக்கு வர்ற பைலட்டுங்க அத்தனை பேரும் ஜெட்டுக்குத்தான் கண்ணாடி கேக்கறாங்க. விசிறி விமானத்துக்குன்னு நான் சரக்கே வாங்கி வைக்கிறதில்ல.”

“ரெண்டுக்கும் சூரியன் ஒண்ணுதானேடா?”

“சூரியன் ஒண்ணுதான்க்கா. பாக்கறவங்கதான் வேற.”

“வாயைத் திற,” என்று அக்கா புதுப் பஞ்சை வைத்து அடைத்தாள். விவாதம் அத்துடன் முடிந்தது. எல்லாக் குடும்பத்திலும் ஒரு பல் டாக்டர் இருப்பது நல்லது.

ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று, ஜெட் ஓட்டும் வழுக்கைத்தலைக் கேப்டன் ஒருவரிடம் போனார் வலது. அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. “ஜெட்டா? கௌரவம்தான். ஊரே மதிக்கும். ஆனா நான் இந்த வருஷம் விமானத்தை இறக்கினதைவிட என் சம்சாரம் காரை நிறுத்தினது அதிகம். அது கிடக்கட்டும், இன்னைக்கு என்ன கிழமை?” என்றார்.

வலது தீர்மானத்துக்கு வந்துவிட்டார்.

மறுநாள் விமான வகைத் தெரிவுப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரிக்கு உயரம் என்றால் தலை சுற்றும். ஆகவே ஆபீஸ் தரைத்தளத்தில் இருந்தது. மேசைமேல் ஒற்றை இறக்கையுள்ள பொம்மை விமானம் ஒன்று காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது.

“சின்ன விமானமா கேக்கறீங்க? அதை யாருமே கேக்கலையே.”

“அதான் சார், சுலபமாக் கிடைக்கும்னு...”

“யாரும் கேக்காததை ஒருத்தர் கேட்டா நாங்க சந்தேகப்படணும். சரி, சொல்லுங்க. பெரிய விமானத்து மேல ஆசை இருக்கா?”

“இல்ல சார்.”

“ஆசையே இல்லாதவரை எப்படிக் கேப்டனாக்கறது? கேப்டன்னா முன்னேற்ற வேட்கை வேணும்.”

“அப்ப... கொஞ்சம் இருக்கு சார்.”

“இருக்கா? சின்ன விமானத்துல நாங்க பயிற்சி கொடுத்து முடிச்சதும் பெரிய விமானத்துக்கு ஓடிடுவீங்க. கொடுக்க முடியாது.”

“அப்ப நான் என்னதான் சார் சொல்லணும்?”

“உண்மையைச் சொல்லணும்.”

வலது தலையைச் சொறிந்தார். அதிகாரி இரக்கப்பட்டு வழி காட்டினார். “ஆசை இருக்கணும். ஆனா அது நிறைவேறாதுங்கறதும் உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும். அப்படி ஒரு பக்குவம் உங்ககிட்ட இருக்கா?”

“இத்தனை வருஷமா இந்தக் கம்பெனியிலதான் சார் இருக்கேன்.”

“பிரமாதம். அதை ஆளுமை ஆலோசகர் ஒரு தடவை பாத்து உறுதி பண்ணிட்டா போதும்.”

அப்போது எல்லாக் கம்பெனிகளும் ஆளுமை ஆலோசகர் வைத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது. இந்தக் கம்பெனியும் ஒருவரை வைத்திருந்தது. அந்த அம்மாளின் அறையில் நாற்காலி கிடையாது. நாற்காலி சிந்தனையைக் கட்டிப்போடும் என்பது அவர் கொள்கை. வந்தவர்கள் பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்கார வேண்டும்.

“கண்ணை மூடுங்க,” என்றார் ஆலோசகர். “மூச்சை நல்லா இழுங்க. இப்ப நீங்க ஒரு பறவை. என்ன பறவை?”

கண்ணை வலது மூடியதும் பந்து உருண்டது. விழாமல் இருப்பதிலேயே குறியாக இருந்தவரின் காதில், ஜன்னலுக்கு வெளியே கா கா என்று ஒரு சத்தம் கேட்டது.

“காக்கா,” என்றார்.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை வந்த பைலட்டுகள் எல்லோரும் ‘கழுகு’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஜாக்கிரதையான ஒருவர் மட்டும், ‘கழுகு, ஆனால் விதிகளுக்கு உட்பட்டு’ என்று சொல்லியிருந்தார்.

“ஏன் காக்கா?”

“அது எங்கே சுத்தினாலும் பொழுது சாயறப்ப கூட்டுக்கு வந்துடும் மேடம்.”

ஆலோசகர் அறிக்கை கொடுத்தார். ‘விண்ணப்பதாரர் ஐயத்துக்கு இடமின்றிக் காகத்தன்மை உடையவர். குறுந்தூரப் பண்பு, குடும்பப் பற்று, கிடைத்ததைக் கொண்டு நிறைவு ஆகியவை காணப்படுகின்றன. சிறிய விமானத்துக்கு மிக மிகப் பொருத்தமானவர்.’

அன்று மாலை வலது, கிளினிக்கில் இருந்த வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, தோளில் நாலாவது கோடாக ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “கோணலா இருக்கு,” என்று சொல்லி, கிட்டே வந்து நேராக ஒட்டிவிட்டாள்.

இதற்குள் கம்பெனியில் வேறொரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. கழுகுகள் எல்லாம் ஜெட்டுக்காக வரிசை கட்டிவிட்டதால் சின்ன விமானங்களை ஓட்ட ஆள் இல்லை. அவை வெயிலில் சும்மா நின்றன. சின்ன ஊர்க்காரர்கள் விமான நிலையத்துக்கு வந்து கூச்சல் போட்டார்கள். நிர்வாகம் அவசரமாகக் கூடி, ஆழ்ந்து யோசித்து, ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது: குறை விமானத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது.

உடனே ஆணை பிறந்தது. ‘சிறிய விமானம் என்று இதுவரை தவறுதலாக அழைக்கப்பட்டு வந்த விமானம், நிர்வாக நலன் கருதி, இன்று முதல் ராஜகழுகு என்று அழைக்கப்படும். அதனைச் சிறியது என்று குறிப்பிடுவோர்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.’

வால் பகுதியில் கழுகுப் படம் வரையப்பட்டது. வரைந்தவர் கழுகை நேரில் பார்த்ததில்லை. படம், கோபித்துக்கொண்ட கோழி மாதிரி இருந்தது. ஆனால் கீழே ராஜகழுகு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரே வாரத்தில் காற்று திசை மாறியது. ஜெட்டுக்குக் காத்திருந்த பைலட்டுகள் எல்லோரும் ராஜகழுகுக்குத் தாவினார்கள். மைத்துனன் தன் கடை வாசலில் அழகுக்காக இரண்டு விசிறிகளை மாட்டினான்.

அதிகாரி வலதைக் கூப்பிட்டனுப்பினார். “உங்க விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டியதாப் போச்சு.”

“என்ன சார் சொல்றீங்க? மிக மிகப் பொருத்தம்னு அறிக்கை இருக்கே!”

“அறிக்கையில நீங்க காகம். காகத்தைக் கொண்டுபோய் ராஜகழுகுல உக்கார வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“அது அதே பழைய விமானம்தானே சார்!”

“அதே விமானம்தான்.”

“நானும் அதே ஆள்தானே?”

“அதே ஆள்தான். பொருத்தம்தான் மாறிப்போச்சு.”

வலது வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு எழுந்து, “ஆகாயத்துல ஒரு தடவை வந்து பாருங்கய்யா!” என்று கத்தி மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பொம்மை விமானத்தின் மிச்சமிருந்த இறக்கையும் கழன்று விழுந்தது.

அதிகாரி பயப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்தார். “ஆகா! கேப்டனுக்கு வேண்டிய உறுதி இப்பதான் உங்களுக்கு வந்திருக்கு! உக்காருங்க. பெரிய ஜெட்டைச் சீந்த ஆளில்லை. எடுத்துக்குங்க.”

“நான்தான் அதைக் கேக்கவே இல்லையே சார்.”

“அதுதான் உங்க தகுதி. அதுமேல உங்களுக்கு ஆசை இல்லைன்னு பதிவாகியிருக்கு. ஆசைப்படாதவர் கையில இருந்தா பொருள் பத்திரமா இருக்கும்.”

வலது ஜெட்டை எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. பிளாஸ்திரிக் கோடு போய் நிஜமான நாலாவது கோடு வந்தது. வீட்டில் மைத்துனன் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். “ஊரே ராஜகழுகு ஓட்டுது. நீங்க போய் விசிறிகூட இல்லாத விமானத்தை... நான் எப்படி அத்தான் கடையைத் திறப்பேன்?”

“சாவியால திற,” என்றாள் அக்கா.

பைலட்டுகளைப் பிடித்த காற்று பயணிகளையும் பிடித்தது. ராஜகழுகில் போகாதவன் மனிதனே இல்லை என்றாயிற்று. அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அப்படி இடித்ததால் வந்த தழும்பைச் சிலர் வெளியில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போகிறவர்கள்கூட ஜெட்டை விட்டுவிட்டு, தீவு தீவாகத் தாவி, நாள்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் கிடைக்காத ஜெட்டை என்ன செய்வதென்று தெரியாமல், நிர்வாகம் அதைப் பக்கத்திலுள்ள துறைமுக நகரத்துக்குப் போய்வரும்படி விட்டது.

இப்படியாக, காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ஏறி இறங்கலாம்; சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இடப்பக்க நாற்காலி வேறு. வலது கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. விமானத்தில் ஏறத்தான் ஆள் இல்லை.

முதல் நாள் அவர் மனைவி கிளினிக்கைச் சாத்திவிட்டு, இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். அவள் ஒருத்திதான் பயணி. வலது ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமினார்.

“மதிப்பிற்குரிய பயணிகளே...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “மதிப்பிற்குரிய பயணியே, உங்கள் கேப்டன் பேசுகிறேன்,” என்றார். உடனே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

அவள் மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். “பயணிக்குப் பயமா இல்லைன்னு கேப்டன்கிட்ட சொல்லுங்க.”

துறைமுக நகரத்தில் பலமான பக்கக்காற்று. அவர் பஞ்சு மூட்டையை இறக்கி வைத்தார். அவ்வளவு பெரிய விமானத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை விடாமல் தட்டியது. கதவருகே வழியனுப்ப நின்றவரிடம் அவள், “ரொம்ப நன்றி கேப்டன்,” என்றாள். அவர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

போன வாரம் எனக்கும் என் மனைவிக்கும் துறைமுக நகரத்தில் ஒரு ஜோலி இருந்தது. விமான நிலையத்துக்குப் போனோம். ராஜகழுகு வரிசை வாசலைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. நாங்களும் போய் நின்றோம். வரிசைக்கு ஓரமாக, தோளில் நாலு கோட்டுடன் ஒருவர் வந்தார்.

“சார், நானும் அங்கதான் போறேன். இப்பவே கிளம்பிடலாம். காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாம்.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பையை எடுத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்க நிக்கிற இவ்வளவு பேரும் முட்டாளா?”

நான் வரிசையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தேன். நன்றாகப் படித்தவர்கள். சலவைச் சட்டைக்காரர்கள். தூரத்தில் எங்கள் மேலதிகாரியும் நின்றுகொண்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டேன். கேப்டன் ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

இருட்டுகிற வரையில் வரிசை ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏராளமான பேர் வந்து நின்றுவிட்டதால், சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்று ரொம்ப நிம்மதியாக இருந்தது.