மல்லப்பனின் புண் மட்டும் ஆறியது குறித்து

சேசு மரி சூசை துணை

மைசூர்
1936 பிப்ரவரி 11

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அமலதாஸ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் பர்னபாஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி எழுதிக்கொண்டது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இவ்விடம் என் முதுகு ஒன்று நீங்கலாக யாவரும் சுகம். அவ்விடம் உம்முடைய சம்சாரம் ஜேனும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் இந்தக் காரியத்தை முடித்துவிட்டு எழுதும், இங்கே தலைபோகிற அவசரம்.

என் மகள், உம் மருமகள் ஹில்டாவுக்கு இந்த மாசத்தோடு ஆறு மாசம் முடிந்து நர்ஸ் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குள் வந்தது வினை. அவள் பொறுப்பில் உள்ள ஆண்கள் வார்டில் ஆறு கட்டில். முதுகில் ராஜபிளவை என்கிற பெருங்கட்டியோடு நானும் அங்கேதான் ஐந்து வாரமாகக் கிடக்கிறேன். ஆறு பேரில் ஐந்து பேருக்குப் புண் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டே போகிறது. நர்ஸ் இடுக்கியையும் கத்தரியையும் சரியாகக் கொதிக்க வைப்பதில்லை, ஒருவன் புண்ணிலிருக்கிற கிருமி அடுத்தவனுக்குப் போகிறது என்று டாக்டர் பசவராஜ் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் புண்கள் ஆறவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். என் பெண் அழுததை அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன், மாப்பிள்ளை. 

முப்பத்திரண்டு வருஷம் பையன்களைப் பரீட்சையில் காவல் காத்தவன் நான். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? ஹில்டா தினமும் அந்த வென்னீர்ப் பெட்டியில் சாமான்களைப் போட்டு இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிறாள். என் கைக்கடிகாரத்தில் பார்க்கிறேன், ஒரு நிமிஷம் குறைந்ததில்லை. பிறகு இடுக்கியால் எடுத்து, கட்டிலுக்கொரு தட்டாக வைத்து, கொதிக்க வைத்த துணியால் மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போகிறாள். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? கூட்டுகிற மாரக்காள் கிளப்புகிற புழுதியில் இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே மேய்கிற ஈயில் இருக்கலாம். டாக்டரின் மீசையில் இருக்கலாம், அது ரொம்பப் பெரிய மீசை. என் பெண்ணின் கையில் மட்டும் இல்லை.

நானும் என்னால் ஆனதைச் செய்யாமலில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்காக, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற மாதா கோவிலுக்கு மெல்ல நடந்துபோய், வாசலிலுள்ள தீர்த்தத் தொட்டியிலிருந்து ஒரு டானிக் சீசா நிறையத் தீர்த்தம் எடுத்துவந்து தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். வாரம் முழுக்க வரும். ஹில்டா டாக்டரைக் கூப்பிடப் போனதும், எழுந்துபோய்த் துணியைத் தூக்கி, தட்டுக்கு நாலு துளி தெளித்து, ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லி மூடிவிடுவேன். பெண்ணுக்குத் தெரியாது. புண்ணியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாதல்லவா? ஆனால் மற்றவர்களைக் கேட்காமல் செய்யவில்லை. அடுத்த கட்டில் கொள்ளேகால் சென்னிமலையைக் கேட்டதற்கு, "எந்தச் சாமித் தண்ணியா இருந்தா என்னுங்க வாத்தியாரே, நல்லாத் தெளிச்சு உடுங்க. வலி நின்னாப் போதுமுங்க" என்றார். ஆறாம் கட்டில் மல்லப்பன் மட்டும் கழுத்தில் லிங்கம் கட்டிய வீரசைவர். அவர் தட்டில் நம் தீர்த்தத்தைத் தெளிப்பது மரியாதையில்லை என்று அதை மட்டும் தொடுவதில்லை.

இப்போது அநியாயத்தைக் கேளும். எங்கள் ஐந்து பேருக்கும் இத்தனை செபம் நடந்தும் சீழ் வடிகிறது. ஒரு துளி தீர்த்தமும் படாத மல்லப்பனின் புண் பத்தே நாளில் காய்ந்து, மனுஷன் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப உட்கார்ந்திருக்கிறார். எனக்கென்று இரண்டு பங்கு தெளித்துக்கொண்டேன், என் புண்தான் எல்லாரையும்விட மோசம். சர்வேசுரன் என் விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், சென்னிமலையை எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஆகையால் எல்லாக் குற்றமும் வென்னீர்ப் பெட்டி மேலும் டாக்டர் மேலும்தான் என்று ஒரு மனு எழுதி, ஐந்து பேர் கையெழுத்தோடு இன்று காலையே உமக்குத் தனித் தபாலில் அனுப்பிவிட்டேன். பெங்களூரில் பெரிய ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிற நீர் அதை உரிய கையில் சேர்த்து, பெட்டியையும் டாக்டரையும் மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டியது.

உமக்கும் குடும்பத்துக்கும் தேவதாயாரின் அடைக்கலம் கிடைக்கட்டும். உம்மேலுள்ள பிரியத்தால் இந்தக் கடிதத்தின் மேலும் நாலு துளி தெளித்திருக்கிறேன். மை கலைந்திருப்பது அதனால்தான்.

இப்படிக்கு,
உமது அத்தான்
பர்னபாஸ்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை வார்டுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மல்லப்பன் மட்டும் மெதுவாக, "மேஷ்ட்ரே, ஆ நீரு குதிசிதிரா?" என்று கேட்டார். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தீரா என்று கேட்கிறார். தலையணைக்கடியிலிருந்து சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊர்க் கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் சிலுவை போட்டுக்கொள்ள விரல் விடுகிற தொட்டி. சிரங்கு பிடித்த பிள்ளைகள் விடுகிறார்கள். மூக்குப்பொடி போட்ட விரலை நம் உபதேசியார் விடுவதை நானே பார்த்திருக்கிறேன். பாசி வேறு.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன், ஹில்டா பக்கத்தில் நிற்கும்போதே. டாக்டர் மீசையைத் தடவினார். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டு, மாசக் கடைசிவரை பார்க்க வேண்டியதில்லை, வேலை நிரந்தரம் என்றார். நர்ஸின் தகப்பனார் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதென்று வார்டுக்குப் புதுச் சட்டமும் போட்டார். ஹில்டா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சீசாவை வாங்கி, தீர்த்தத்தை இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே இத உங்க மேல மட்டும் தெளிச்சுக்கங்கப்பா, புண்ணு மேல வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ஐந்து வாரமாகிறது.

மறுபடி எழுத முதுகு இடங்கொடுக்காததால் இதையே அனுப்புகிறேன். மனு வந்ததும் கிழித்துப்போடும். இந்தக் கடிதத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல், படித்ததும் கையை வென்னீரில் கழுவிக்கொள்ளும். மேலே தெளித்த நாலு துளி, கொதிக்க வைப்பதற்கு முந்தினது.