வழக்கொழிந்த கயிறு

படித்தவனுக்கு வருகிற கோபத்தில் பாதி, தான் எழுதியதைப் பிறர் ஒழுங்காகப் படித்துவிடுவதால் வருவது. எனக்கு அப்படி வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதி ஆற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே காது சூடாகிறது.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு பங்குனி மாதம். சென்னையில் சரித்திரம் படித்து, இடைக்காலத்துக் கோயில் நோன்புகளைப் பற்றி ஆராய்ச்சியுரை எழுதி, அதைப் புத்தகமாக அச்சும் போட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் அப்பா வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் சும்மாதான். காலையில் பல் விளக்குவது ஒன்றே உத்தியோகம்.) அப்பாவுக்கு மிளகாய் மண்டி. சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து, சரித்திர விரிவுரையாளர் வேலைக்கு வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இதுவும் இல்லேன்னா திங்கக்கிழமை மண்டிக்கு வந்துரு."

மண்டியில் ஐந்து நிமிஷம் நின்றால் எனக்குத் தும்மல் அடங்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

மற்றவர்கள் சர்டிபிகேட்டோடு வரட்டும், நாம் கல்வெட்டோடு போவோம் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஆற்றோர ஊர் ஒன்றில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு பலகைக் கல் உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர் யாரானாலும், நோன்பு முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறது. என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயமே அந்தக் கல்தான். ஆனால் கல்லை நான் கண்ணால் பார்த்ததில்லை; அச்சில் வந்த வாசகத்தைப் பார்த்தே அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

கடைசி வாக்கியம் இப்படி: "எல்லை தாண்டாமை என்னும் இவ்விதி காலப்போக்கில் முற்றிலும் வழக்கொழிந்தது." இதற்கு ஆதாரம் எங்கள் வீட்டு மாடி ஜன்னல். ஆடிக்கு ஆடி எங்கள் பேட்டையிலும் காப்புக் கட்டுவார்கள். மறுநாளே கடை திறப்பார்கள், ரயிலேறுவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் இல்லாதது உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்பது அந்த வயதில் என் தீர்மானம்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்து, பிறகு மாட்டுவண்டி பிடித்து, கோட்டும் தலைப்பாகையுமாக அந்த ஊரில் போய் இறங்கினேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி, எழுத்துகளை மைப்படியாக எடுத்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. காகிதம் காயவில்லை. அரைகுறையாக உரித்தால் கிழியும். காயட்டும் என்று உட்கார்ந்தேன்.

அதற்குள் கோயில் முன்னால் பறை கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். பூசாரி மஞ்சள் தோய்த்த நூலை அம்மனுக்குக் கட்டிவிட்டு, முக்கியஸ்தர்களுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஊர்க்கவுண்டருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், "பட்டணத்துச் சாமி வந்திருக்காங்க, வழி உடுங்கப்பா" என்றார். கூட்டம் விலகியது. ஆகா, மரியாதை செய்கிறார்கள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூசாரி கேட்பதற்கு முன்னாலேயே வலது கையை நீட்டினேன். (யாரும் பிடித்து இழுக்கவில்லை. இதை என் எதிரிகளுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

கயிறு கட்டி, திருநீறு பூசி முடிந்ததும் ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன்: "நாளைக் காலை வண்டி ஒன்று வேண்டும். நான் சென்னைக்குப் போகவேண்டும்."

அவர் சிரித்தார். "ஏனுங்க சாமி, காப்பக் கட்டிப்போட்டு எங்கீங்க போறது? அடுத்த பொதங்கெழம மஞ்சத்தண்ணி ஆடித்தானுங்க எல்லை தாண்டோணும்."

"அந்த வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது! ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறேன்!"

"அப்புடீங்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "ஏப்பா, நம்ம வழக்கம் போயிருச்சாமா. பட்டணத்துல சொல்றாங்க." கூட்டம் முழுக்கச் சிரித்தது. பூசாரியும் சிரித்தார்.

புதன்கிழமை விடியற்காலை, மைப்படியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலைக் கொடிக்கால் வழியாக ஆற்றுக்கு நழுவினேன். பரிசல்காரர் அக்கரைக்காரர்தான், இந்த ஊர்க் கட்டுப்பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று கயிற்றைக் கோட்டுக் கைக்குள் தள்ளிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"கையக் காட்டுங்க சாமி."

"எதற்கு?"

"சும்மா காட்டுங்க."

காட்டினேன். அவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "எறங்கிக்குங்க. நானும் புள்ளகுட்டிக்காரனுங்க."

கரையில் நின்றேன். பையில் கல்லைச் சுரண்டக் கொண்டுவந்த பேனாக்கத்தி இருந்தது. எடுத்துக் கயிற்றின்மேல் வைத்தேன். ஒரு இழுப்பு போதும்; வேலை கிடைக்கும், மண்டி போகும். சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் அறுக்க முடியவில்லை. பயம். நோன்புகளைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவனுக்கு, ஒரு நோன்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் வயிற்றில் தெரிந்தது. கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். என்மேலேயே எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

கல்லூரிக்கு நிலைமையை விளக்கி, வேறு நாள் கேட்டுக் கடிதம் எழுதினேன். "ஆளுக்குத்தானுங்க தடை, காயிதத்துக்கு இல்லீங்க" என்று ஊர்க்கவுண்டர் பெருந்தன்மையாக அனுமதித்தார். எல்லைக் கல்லுக்கு இந்தப்பக்கம் நான் நின்றுகொண்டு, அந்தப்பக்கம் நின்ற பக்கத்து ஊர்த் தயிர்க்காரம்மாவிடம் கையை எட்டிக் கொடுத்தேன். அந்த அம்மா அதைத் தயிர்ப்பானை மூடியின்மேல் வைத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு வாரம் மாவிளக்கும் துள்ளுமாவும் தின்று தின்று எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. அந்த ஊரார் என்னைக் குறைவாக வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதுவும் எனக்குக் கோபந்தான். திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் கல்லூரியின் பதில் பிரித்துக் கிடந்தது. தேர்வுக் குழுத் தலைவரான பேராசிரியர் சொந்தக் கையால் இங்கிலீஷில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இது:

"தாங்கள் குறிப்பிடும் விதி முற்றிலும் வழக்கொழிந்தது என்று தங்கள் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் தாங்களே நிறுவியுள்ளீர்கள். அதைக் குழு முழுமனதாக ஏற்கிறது. இல்லாத விதி ஒருவரைத் தடுக்க இயலாது. ஆகவே தாங்கள் வராததற்குக் காரணம் ஏதுமில்லை என்று முடிவு செய்து, வேறொருவரை நியமித்துள்ளோம்."

அந்த வேறொருவர் என்னோடு படித்தவர். கல்வெட்டு என்றால் கருங்கல்லா செங்கல்லா என்று கேட்பவர்! நான் குதித்தேன். அநியாயம் என்று கத்தினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவங்க சொல்றது நியாயமாத்தானே இருக்கு?" என்றார்.

இரண்டு வருஷம் மண்டியில் தும்மினேன். அப்புறம் வேறொரு கல்லூரி இரக்கப்பட்டது. அங்கேயே ஓய்வு பெறுகிறவரை இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த கையோடு அந்தப் புத்தகத்தை என் சொந்தச் செலவில் மறுபடி அச்சடித்து, அந்த வாக்கியத்தை நீக்கினேன்.

கல்யாணமாகி வந்த என் மனைவி திருச்செங்கோட்டுக்காரி. யாரோ அவளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். (அப்பாதான்.) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருடைய சாக்கும் என் புத்தகத்தைத் தாண்டித்தான் செல்லுபடியாக வேண்டும். பையன் பஸ் வரவில்லை என்றால், "அப்பா பொஸ்தகத்துல பஸ்ஸு வந்துருச்சே" என்பாள். போன வாரம் எனக்கு முழங்கால் வலி. எழுந்திருக்க முடியவில்லை என்று முனகினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "பொஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலீங்களே?"

அதுதான் திருத்திய பதிப்பு வந்துவிட்டதே என்று எத்தனை தடவை சொல்வது? கேட்டால், தன்னிடம் இருப்பது முதல் பதிப்புதான் என்கிறாள்.