அட்டைக்கு ஒரு வார்த்தை

எனக்குப் பேய் பயம் உண்டு. மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் என் கல்யாணமே இதனால் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது சாமை நான் காதலித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். என்னை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்ததோடு, தான் எழுதிய நாவலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சமூக நாவல், சரித்திர நாவல் என்பதுபோல அட்டையில் ஒரு வார்த்தை போட வேண்டுமாம். அதை நான் சொல்ல வேண்டுமாம்.

"அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சுட்டா எல்லாம் ஓகே. பிடிக்கலன்னா அவ்ளோதான்," என்றான் சாம்.

"நீ படிச்சியா?"

"நானா? சேச்சே."

தாம்பரம் வண்டியில் பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே நின்று படித்தேன். அப்படியும் பக்கத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தைத் திறக்கத் தைரியம் வரவில்லை. (பேய் கடைசியில் என்ன செய்யும் என்று தெரியாதா என்ன?)

ஞாயிற்றுக்கிழமை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் அவர்கள் வீடு. சோபா நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லும்மா, என்ன வகை?"

"திகில், அங்கிள்."

அவர் முகம் மாறியது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் பிழைகளை அடுக்குவதுபோல அடுக்கினேன்.

"ஒண்ணு, வெள்ளைப் புடவை. ரெண்டு, விடியக்காலைல ஆளில்லாத ப்ளாட்ஃபார்ம்ல தனியா வர்றா. மூணு, மருந்து வாடை. நாலு, அவளப் பார்த்ததிலேருந்து ஹீரோ சாப்பிடல, தூங்கல, இளைச்சுட்டே போறான். அஞ்சு, ஜில்லுன்னு ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்குது..."

ஜில்லென்று ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

அலறினேன். சாம் கையிலிருந்த மிக்சர் தட்டு கவிழ்ந்தது. (ஏரியிலிருந்து கொக்குகள் பறந்தன என்று அவன் சொல்வான். நம்ப வேண்டாம்.) திரும்பினால் சாமின் அம்மா, இன்னொரு கையில் ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளரோடு.

"பல்ஸ் எகிறுது. மூச்சை நல்லா இழுத்து விடும்மா," என்றார்.

"அவ நர்ஸும்மா," என்றார் அங்கிள், குரலே எழும்பாமல். "நைட் ட்யூட்டி முடிச்சு முதல் வண்டில வருவா. அது எங்க லவ் ஸ்டோரி."

ஆன்ட்டி நர்ஸாக இருந்தவர் என்று சாம் பலமுறை சொல்லியிருக்கிறான். எனக்குத்தான் உறைக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று, வாசலில் விட்ட செருப்பைக் கண்ணால் தேடினேன்.

ஆன்ட்டி கையை விடவில்லை. "அந்தப் பேய் கடைசில என்ன பண்ணுச்சாம்?"

"பயத்துல... அத மட்டும் படிக்கல, ஆன்ட்டி."

"என்னைக் கட்டிக்கிச்சு," என்றார் அங்கிள்.

ஆன்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா. இன்னிக்கு வரைக்கும் என்னப் பார்த்தா நடுங்குறீங்கல்ல? திகில்னே போடுங்க."

அப்படியே போட்டார்கள். கல்யாணமும் நடந்தது. இப்போதும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் பெல் அடிப்பதில்லை. "வெள்ளைப் புடவை வந்திருக்கேன், கதவத் திற," என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பார். திறந்ததும் முதல் வேலையாக என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் எகிறுதுடா சாம்!" என்பார். வீடே சிரிக்கும்.

நானும் சிரிப்பேன். ஆனால் நிஜமாகவே எகிறத்தான் செய்கிறது.