வாத்து சாக்ஸ் போட்ட மசாஜ்காரி

என் யானைக்குட்டிக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே என் வலது தோளைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. "இனிமே அவருக்கு வலியும் இல்லே, மாத்திரையும் இல்லேம்மா" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார். உப்பில்லாத சாப்பாடும் இல்லை என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். படிப்பு அதிகம் இல்லாதவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் எப்போதும் போலச் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

தோள் கதையைச் சொல்கிறேன். நீங்கள் இருந்தவரை கட்டிலில் முக்கால்வாசி உங்களுக்கு, மிச்சம் எனக்கு. வலது ஓரத்தில் ஒருக்களித்து, விழாமல் இருக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன். பஸ் படியில் தொங்குகிறவர்களைப் பகலெல்லாம் திட்டுகிற டிரைவர் வீட்டிலேயே பெண்டாட்டி அப்படித்தான் தொங்கினாள். நீங்கள் போன பிறகும் அதே ஓரம், அதே பிடிதான். உங்கள் இடம் உங்கள் இடமாகவே இருக்கிறது, தலையணைகூட நகரவில்லை. "நடுவுல படுத்தா என்னம்மா, யாரு கேக்கப் போறா?" என்று மகள் கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்படியே தொங்கித் தொங்கித் தோள் மரக்கட்டையாகிவிட்டது. சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தள்ள முடியாமல், சட்டையின் ஒரு கை கத்தி மாதிரியும் இன்னொரு கை கசங்கியும் போக, முதலாளி, "என்னம்மா, வீட்டுக்காரர் போன துக்கம் ஒரு கைக்கு மட்டுந்தானா?" என்றார். இது மகள் காதுக்குப் போய், என்னைக் கேட்காமலே மசாஜ் நிலையத்தில் நேரம் வாங்கிவிட்டாள். இன்றைக்கு வாசல்வரை கூட வந்து, பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

உள்ளே மங்கலான விளக்கு. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். யாரோ குழாயை மூடாமல் விட்டுவிட்டார்களே என்று எழுந்து தேடினால், அது மனசு அமைதியாக இருக்கப் போட்ட பாட்டாம். என் மனசு அமைதியாகவில்லை, பாத்ரூம்தான் வந்தது. போய்விட்டு வந்தால், நம் மகள் வயசில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். எங்கே வலிக்கிறது, பிரஷர் உண்டா, ஆபரேஷன் ஆயிருக்கா, எண்ணெய் ஏதாவது ஒத்துக்காதா. பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை கேட்கவில்லை. நீங்கள்தான் வாயே திறக்கவில்லையே. பிறகு அவள், "உங்களுக்கு எது வசதியோ அது மட்டும் கழட்டிட்டு, போர்வைக்குள்ள கவுந்து படுத்துக்குங்க. நான் வெளியே இருக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசைமேல் வெள்ளை விரிப்பும் போர்வையும் துண்டுகளும் கிடந்தன. விரிப்பு ஓரத்தில் இஸ்திரி சரியில்லை. கை சும்மா இருக்குமா? வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நீவி, நாலு மூலை சேர்த்து மடித்து அடுக்கிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவைத் தட்டிவிட்டு வந்தவள் வெறும் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நாந்தான் உங்களுக்கு வேலை செய்யணும்!" என்றாள். எல்லாவற்றையும் திரும்ப விரித்துவிட்டு வெளியே போனாள். இந்த முறை ஒழுங்காகப் போர்வைக்குள் படுத்தேன். மேசையின் ஒரு நுனியில் மெத்தை வைத்த ஓட்டை ஒன்று இருந்தது. எண்ணெய் வழிந்து போவதற்கு என்று நினைத்து, கால் இரண்டையும் அதில் விட்டுக்கொண்டேன். வந்து பார்த்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. "அது மூஞ்சி வைக்கிற இடம்மா!"

முகத்தை வைத்தால் தரையும் அவள் பாதமும்தான் தெரிகிறது. மஞ்சள் வாத்துப் படம் போட்ட சாக்ஸ். நான் பேசியதெல்லாம் அந்த வாத்துகளிடம்தான். பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. எந்த இடத்தைப் பிடிக்கிறாளோ அதை மட்டும் திறக்கிறாள், மற்றதெல்லாம் போர்த்தியே இருக்கிறது. ஆனால் அந்த விரல்! தோளில் ஒரு முடிச்சைத் தேடிப் பிடித்து ஏறி நின்றது. "அழுத்தம் போதுமாம்மா?" என்றாள். வந்த இடத்தில் குறை சொல்லலாமா? "நல்லாருக்கும்மா" என்றேன். "நல்லாருக்குன்றீங்க, கால் விரலெல்லாம் சுருண்டுக்குது! வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா. அதுக்குத்தானே கேக்குறேன்" என்றாள். எனக்கு அது பழக்கமில்லை. சொல்லிப் பார்த்தேன், "வலிக்குது." உடனே விரல் இளகிவிட்டது.

அப்புறம்தான் வம்பு.

"இந்தப் பக்கமே சாய்ஞ்சு படுப்பீங்களோ?"

"ஆமா. ஓரத்துல."

"கட்டில் சின்னதா?"

"பெருசுதான். அவரு படுப்பாரே."

"சார் பெரிய ஆளோ?"

"யானை."

வாத்துகள் சிரித்தன. "அப்ப தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. இப்படித் தொங்கிக்கிட்டே தூங்கினா, நான் எத்தனை தரம் பிடிச்சாலும் இந்தத் தோள் இளகாது."

செத்துப்போயிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். "சொன்னாக் கேக்க மாட்டாரு" என்றேன்.

"எந்த வீட்டுலதான் கேக்குறாங்க? நீங்க பாட்டுக்கு நடுவுல படுத்துக்குங்க, அவரா நகருவாரு. இன்னிக்கே செய்யணும், என்ன?"

"சரிம்மா" என்றேன். அப்போது ஓட்டை வழியாக ஒரு சொட்டு விழுந்து ஒரு வாத்தின் தலை நனைந்தது. அவள் சாக்ஸ் காலை நகர்த்தவில்லை. தோளில் இருந்த கையை மட்டும் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையை விட்டதற்கப்புறம் என்மேல் ஒரு கை அவ்வளவு நேரம் இருந்தது இன்றைக்குத்தான்.

முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள். மெதுவாகத்தான் எழுந்தேன், ரவிக்கையைத்தான் உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு வீடுவரை வந்துவிட்டேன். தலையெல்லாம் எண்ணெய், கன்னத்தில் ஓட்டையின் தடம். மானம் போனது போதும். இனி அந்தத் தெருவுக்கே போகமாட்டேன் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மகள் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். முதலாளியும் கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்க நீங்கள்தான் அங்கிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
எண்ணெய் வழியும் உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: போகமாட்டேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்கும் நேரம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், மகளுக்குத் தெரியாது. கை இப்போது காதுவரை தூக்க வருகிறது. ஆனால் படி இறங்கும்போது அந்த வாத்துக்காரி, "சார் நகர்ந்தாரான்னு வந்து சொல்லணும்!" என்று கத்தினாள். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். இந்தக் காகிதத்தை உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். யானைக்குட்டி, கொஞ்சம் தள்ளிப் படுக்குறீங்களா?