தேயிலை வடிகட்டி இருக்க வேண்டிய இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவரும் நலம். நீயும் அத்தானும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். நீ ஊருக்குப் போன நாள் முதல் காணாமல் போயிருந்த தேயிலை வடிகட்டியும் கிடைத்துவிட்டது.

ஒரு மாதமாக நான் போனில் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாததற்கு அந்த வடிகட்டிதான் காரணம். வடிகட்டிகளெல்லாம் ஓர் இழுப்பறை, டப்பாக்களெல்லாம் ஓர் அலமாரி என்று நான் வகை பிரித்து வைத்திருந்ததை, "ஏண்டி, ஒரு டீ போட எதுக்கு நாலு கதவைத் திறக்கணும்?" என்று கேட்டுக் கலைத்து, தேயிலை, சர்க்கரை, கோப்பை, வடிகட்டி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுப் போனாய். நானோ வடிகட்டியை மட்டும் பிடிவாதமாகப் பழைய இழுப்பறையிலேயே தேடிக்கொண்டிருந்தேன். "வகை பிரிக்கறதுக்கே சம்பளம் வாங்கறவ நான், எனக்கே பாடமா?" என்று இவரிடம் பொருமித் தீர்த்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பிரவுசரில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் வசதிகளை, இணையப் பக்கம் கட்டுகிற டெவலப்பர்களுக்காகக் குழு குழுவாகப் பிரிப்பது. எந்த வசதியின் விதிமுறை எந்தத் தரநிலை ஆவணத்தில் எழுதப்பட்டதோ அந்த ஆவணத்தின் பெயரிலேயே குழு வைத்தேன். எட்டு மாத உழைப்பு. எதிலும் சேராததை 'மற்றவை' என்று போட்டேன். மடிக்காத துணி போடுகிற நாற்காலி மாதிரி அதில் மட்டும் முந்நூறு குவிந்துவிட்டது. சோதனையில் தேறாவிட்டால் பட்டியலையே கைவிடுவோம் என்றார் மேலாளர். ஒரு டெவலப்பர் பெண்ணை உட்காரவைத்து, "நெட் போனாலும் ஓடற பக்கம் கட்டணும், என்னென்ன வேணும்னு தேடுங்க" என்றோம். இருபது நிமிடம் தேடியவள், "பட்டியல் அழகா இருக்கு மேடம். ஆனா ஒரே வேலைக்கு எதுக்கு அஞ்சு எடத்துல தேடணும்?" என்றாள். மேலாளர் என்னைப் பார்த்தார். எனக்கோ உன் முகம்தான் தெரிந்தது.

ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் கலைத்து, நெட் இல்லாதபோது ஓட, படிவம் நிரப்ப, படம் காட்ட என்று வேலைவாரியாக அடுக்கினேன். அடுத்து வந்தவர் நாலே நிமிடத்தில் கண்டுபிடித்தார். பட்டியல் பிழைத்தது. "எப்படித் தோணுச்சு?" என்று மேலாளர் கேட்டபோது, வாய் கூசாமல் "அனுபவம்" என்றேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. நீ வைத்தது வைத்தபடியே இருக்கும். அடுத்த மாதம் வந்து பார்.

அத்தானுக்கு என் வணக்கம். நீ எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே இரு.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: இந்த உறையை ஒட்டுவதற்குள் வடிகட்டிகளை மறுபடி ஒரே இழுப்பறையில் அடுக்கிவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. டீ போடுவது இவர்தானே. நாலு கதவு அவருக்குப் பழக்கம்தான்.