பேச்சுப் பயிற்சியாளர் கூட்டத்தில் நான் உட்கார்ந்தது குறித்து

மதிப்புக்குரிய தலைவி அம்மா அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் குழுவிலுள்ள ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் தகப்பன், பஸ் நிலைய அறிவிப்பாளராக முப்பத்தொரு வருடம் மைக் பிடித்து ஓய்வு பெற்றவன், பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

தங்கள் குழுவின் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. திக்கிப் பேசுகிறவர்களுக்குச் சிகிச்சை தருவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கான மாதக் கூட்டத்தில், அழைக்கப்படாத நான் வந்து உட்கார்ந்ததும் பேசியதும் முறையல்ல என்றும், எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், அதுவரை அடுத்த கூட்டம் நடப்பது சந்தேகம் என்றும் கண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதாக இல்லை. காரணம் கீழே வருகிறது, பொறுமையாகப் படிக்கவும்.

என் மகள் மாதாமாதம் முதல் சனிக்கிழமை தங்கள் கூட்டத்துக்குப் போகிறாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கிறது. பெற்றவன் கேட்பானா மாட்டானா? "ஊருக்கே பேசக் கத்துக் குடுக்கிறவங்க நீங்க, உங்களுக்கு எதுக்கும்மா துணை?" என்று கேட்டேன். "மாசம் பூரா மத்தவங்க தயங்குறதைக் கேட்டுக்கிட்டு இருக்கோம்பா, எங்க தயக்கத்தை எங்க போய்—" என்றாள். "சரி சரி, எங்க போய்க் கொட்டுறதுன்னு கேக்கிற, புரியுது, சாப்பிடு" என்று நானே முடித்து வைத்தேன். இதைக் குற்றம் என்றால் வீட்டில் யாரும் வாயே திறக்க முடியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன சனிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அவள் வழியில் ஏதோ பிரதி எடுக்க இறங்கிவிட்டாள் போலிருக்கிறது, நான் முந்திக்கொண்டு நூலக மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போவதுதான் திட்டம். நீங்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தீர்கள். வட்டத்தில் கடைசி வரிசை எங்கே இருக்கிறது? அது தங்கள் ஏற்பாட்டின் குறை. நின்றவனைப் பார்த்து நீங்களே, "வெளியூர்லேர்ந்து வர்ற மூத்தவர் நீங்கதானா?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். நான் பிறந்தது வெளியூர், எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவன். இதில் பொய் எங்கே வந்தது?

பிறகு மகள் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் எப்படி ஆயிற்று என்று தாங்களும் கண்டிருப்பீர்கள். ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்காமல் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அந்த உயரமான அம்மா தன் கதையைச் சொன்னார். பத்து வயதுப் பையன், பதினோரு மாதப் பயிற்சி, அவர் அறையில் தண்ணீர் மாதிரிப் பேசுகிறான், வகுப்பில் எழுந்து நின்றால் பழையபடிதான், அவன் அம்மா வந்து "உங்க ரூமையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்க முடியுமா"ன்னு கேட்டாங்களாம், இவருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லையாம். அப்புறம் அந்தத் தாடிக்காரத் தம்பி. அவரிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டாராம், எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று தெரியாமல் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாராம். இதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் ஒருத்தரும் யோசனை சொல்லவில்லை. சும்மா இருக்கிறீர்கள். எனக்குப் பொறுக்குமா? "மூச்சை இழுத்து விட்டு நிதானமாப் பேசச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிடும்"னு சொல்லிட்டேன். நீங்கதான் சிரிச்ச முகத்தோட, "உங்க அனுபவத்துல அப்படிச் சொன்னப்ப என்ன ஆச்சு சார்?" என்று கேட்டு என்னை மாட்டி வைத்தீர்கள்.

மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? எங்கள் அறிவிப்பு அறையில் பத்தொன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த டைம்கீப்பரைப் பற்றிச் சொன்னேன். பஸ் வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிற வேலை அவருக்கு. திக்குவாய். (மகள் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பாள். திக்கிப் பேசுகிறவர்.) அவர் ஆரம்பித்தால் நான் முடிப்பேன். "கா" என்று இழுத்தால் ஜன்னல் வழியாக "ரெண்டு காபி" என்று கூவிவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் அவரை ஒரு நாளும் தவிக்க விட்டதில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். தாடிக்காரத் தம்பி மெதுவாக, "அவர் உங்ககிட்ட முழுசாப் பேசின ஒரு வாக்கியம் ஞாபகம் இருக்கா சார்?" என்றார். யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வயசாச்சு, மறதி. அவ்வளவுதான்.

அப்போதுதான் என் மகள் வாயைத் திறந்தாள். "என் கேஸ்ல இருக்கிறவர் திக்குறவர் இல்ல. யார் பேச ஆரம்பிச்சாலும் அவர் முடிச்சு வைப்பார். அவர் வீட்டுல வளர்ந்துதான், ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற வேலைக்கு வந்தேன். அவர்கிட்ட நான் ரொம்ப நாளா சொல்ல நினைக்கிறது—" என்று நிறுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "என்னை மன்னிச்சிடுங்கப்பான்னுதானே"ன்னு கேட்டுட்டேன். அந்த "அப்பா"வில் குட்டு உடைந்தது. மற்றதெல்லாம் தங்களுக்குத் தெரியும். தாடிக்காரர் சிரித்ததை நான் மறக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டைம்கீப்பர் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். உட்கார வைத்தார். "கா" என்று ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன், முள் நகரவே இல்லை, எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அவர் சொல்லி முடித்தது இதுதான்: "காத்தாட வெளியே போயிட்டு வரேன்னு சொல்ல வருவேன்யா. நீ காபி சொல்லிடுவே. எனக்குக் காபி ஒத்துக்கவே ஒத்துக்காது." வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்றேன். "வேண்டாம்னு சொல்லத்தான் ‘வே’ன்னு எடுப்பேன். நீ ‘வேற ஒரு காபியும் சேத்துக் கொண்டாப்பா’ன்னு கூவிடுவே." பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் வயிறு எரிய எரியக் குடிச்சிருக்கார் அம்மா, ஒரு நாளைக்கு மூணு.

இப்போது சொல்லுங்கள். நான் தங்கள் கூட்டத்தில் வந்து உட்காராமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்குமா? ஆகவே மன்னிப்பு கிடையாது. என்னைக் காரணம் காட்டிக் கூட்டத்தை நிறுத்துவதையும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. மூணு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்ததுக்கே எனக்குச் சட்டை நனைஞ்சுபோச்சு. இந்தப் பிள்ளைங்க அதை நாள் பூரா செய்யுதுங்க. மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் அதுங்க மனசுவிட்டுப் பேச ஒரு ரூமும் பத்து நாற்காலியும் இல்லேன்னா எப்படி? கூட்டம் நடந்தே ஆகணும். நடக்கவில்லையென்றால் நூலக வாசலில் நின்று நானே அறிவிப்புச் செய்வேன், எனக்கு மைக் தேவைப்படாது.

தங்களுக்கும், உயரமான அம்மாவுக்கும், சிரித்த தாடிக்காரருக்கும்கூட என் ஆசிகள் உண்டு. வேண்டாமென்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வருத்தம் தெரிவிக்காத
தகப்பன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள், மன்னிப்புக் கேட்கச் சொன்னது தாங்கள் இல்லையாம். தாங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லையாம், "உங்கப்பா சவுக்கியமா"ன்னு மட்டும்தான் கேட்டீர்களாம். குழுவின் செயலாளர் என்கிற முறையில் அந்தக் கடிதத்தை அவளே தட்டச்சு செய்து, அவளே கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு, அவளே தபாலில் சேர்த்திருக்கிறாள். கூட்டம் நிற்கும் என்றதும் சும்மா பயமுறுத்தலாம். "நேர்ல சொன்னா பாதியில நீங்க முடிச்சிடுவீங்கப்பா, அதான் எழுதினேன்" என்றாள். ஆகவே மேலே கண்ட எதுவும் தங்களைச் சேர்ந்ததல்ல, தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடம் கேட்கலாமென்று எதிரே உட்கார்ந்தேன். "ம" வரைக்கும்தான் வந்தது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமானாலும் அவசரமில்லை என்கிற மாதிரி.